ஆறு எழுத்துக்குள் ஒரு பெயர்

அந்த மெஷினை மாடிக்கு ஏற்ற நாலு ஆள் வேண்டியிருந்தது. படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் சுவரோடு இடித்து ஒரு பக்கத் தகரம் உள்ளே நசுங்கிப் போயிற்று. முதலாளி கீழே நின்றுகொண்டு, "பாத்துப்பா, பாத்து! உள்ள எலக்ட்ரானிக்ஸ் கீது!" என்று கத்திக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் உள்ளே ஏதோ பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

முதலாளிக்கு ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம். ஊரில் அவருக்கு நூற்றுக்கணக்கில் தறிகள் நெய்துகொண்டிருந்தன. சேலையில் பூவும் மயிலும் விழவேண்டுமானால் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை. ஒரு மயில் முழுசாக எழுந்து நிற்க அட்டைகள் ஒரு கட்டு ஆகிவிடும். கிராஃப் தாளைப் பார்த்துக் கையால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, அட்டையைத் தானே குத்தும் மெஷின் செய்து தருகிறோம் என்றது. முதலாளி சரி என்றுவிட்டார்.

மெஷினைக் கட்டிய இன்ஜினியர் கூடவே வந்து ஒரு வைரக்கட்டம் டிசைனைக் குத்திக் காட்டினார். முதலாளி கை தட்டினார். அடுத்த மாதமே அந்த இன்ஜினியர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். மெஷினுக்கு வைரக்கட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. வைரக்கட்டம் போட்ட சேலையை ஊரில் யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

எங்கள் வீடு சேவூரில். அப்பா, சித்தப்பா எல்லாரும் தறிக்காரர்கள். நான் வேலூரில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து, சென்னையில் சித்தி வீட்டில் தங்கி மைக்ரோபிராசஸர் கோர்ஸ் ஒன்று படித்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஊருக்குத் திரும்பியிருந்தேன். முதலாளி அப்பாவிடம் கேட்டு என்னை வேலைக்கு எடுத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு பெண்ணும் வந்தாள். பெரணமல்லூர்ப் பக்கம். அவள் வீட்டில் எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தாள். முதல் நாள் என்னை "நீங்க, வாங்க" என்றாள். மூன்றாவது நாள் அவள் ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்த சால்டரிங் அயர்ன் என் புடவை முந்தானைக்குப் பக்கத்தில் வந்ததும், "ஏய், தள்ளுடி!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு நாங்கள் மரியாதையை மறந்துவிட்டோம்.

எங்களுக்கு மேலே யாரும் கிடையாது. சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. கம்பெனி கொடுத்திருந்த ஒயரிங் படம் ஒன்று, ஃபிளாப்பி போட்டு இயக்கும் ஒரு கம்ப்யூட்டர், சிப்பில் புரோகிராம் ஏற்றும் ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். முதலாளி தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்து, "இன்னாம்மா, ஜல்தி ஆவுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அட்டையில் ஓட்டை குத்தும் பகுதி எனக்கு. அட்டையை நகர்த்துவதும், முன்பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்குகளில் எண் காட்டுவதும் அவளுக்கு.

மெஷினோடு புரோகிராம் பேசுவது ரெஜிஸ்டர்கள் வழியாக. எட்டு சுவிட்சுகளை வரிசையாக வைத்த ஒரு பலகையைக் கற்பனை செய்துகொண்டால் போதும், அதுதான் ரெஜிஸ்டர். முதல் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும். இரண்டாவதைப் போட்டால் அட்டை நகரும். மூன்றாவதில் விளக்கு எரியும். அதே போல மெஷின் நம்மிடம் சொல்வதற்கு இன்னொரு பலகை: அட்டை இருக்கிறது, குத்தி முடித்தாயிற்று, இப்படி. இதில் ஒரு சங்கடம். புரோகிராம் ஒரு சுவிட்சை மட்டும் தனியாகத் தட்ட முடியாது. எட்டையும் ஒன்றாகத்தான் எழுதவேண்டும்.

அந்தச் சங்கடத்தில்தான் எங்கள் முதல் சண்டை வந்தது. என் பகுதி தனியாக ஓடும்போது மோட்டார் அழகாகச் சுற்றியது. அவள் பகுதி தனியாக ஓடும்போது அட்டை வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டையும் சேர்த்ததும், அட்டை நகர ஆரம்பித்த அதே நொடியில் மோட்டார் நின்றுவிட்டது.

"உன் அட்டை என் மோட்டார நிறுத்துது" என்றேன்.

"உன் மோட்டார் சோம்பேறி. என் அட்டை இன்னா பண்ணும்?"

காலை முழுக்க இப்படியே போயிற்று. மத்தியானம் சாப்பிடும்போது அவள் திடீரென்று கையில் சோற்றோடு எழுந்து நின்றாள். "ஏய், நான் என் சுவிட்ச மட்டும் ஒண்ணுன்னு போட்டு, மீதி ஏழையும் சைபர்னு எழுதறேன். உன் மோட்டாரு அந்த ஏழுல ஒண்ணு இல்ல?"

அதேதான். நான் எழுதும்போது அவளுடையதை அழித்தேன். அவள் எழுதும்போது என்னுடையதை அழித்தாள். பலகையில் இப்போது என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றால், அந்தப் பலகை எழுத மட்டும்தான், படிக்க முடியாது. கடைசியில், அதன் நகல் ஒன்றை மெமரியில் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். எந்த சுவிட்சைத் தொட்டாலும் முதலில் நகலில் திருத்தவேண்டும், பிறகு முழு நகலையும் பலகைக்கு அனுப்பவேண்டும். அதைச் செய்ய ஒரே ஒரு சின்ன ரொட்டீன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் ஒரு குட்டி புரோகிராம். நானும் நேராகப் பலகையைத் தொடக்கூடாது, அவளும் தொடக்கூடாது. இரண்டு பேரும் அந்த ரொட்டீனைத்தான் கூப்பிடவேண்டும்.

"சத்தியம் பண்ணு" என்றாள். சோற்றுக் கையாலேயே பண்ணினேன்.

சின்ன ரொட்டீன்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பெருகின. மோட்டாரை ஓட்ட ஒன்று, நிறுத்த ஒன்று, அட்டையை நகர்த்த ஒன்று, மெஷின் என்ன சொல்கிறது என்று படிக்க ஒன்று. பெயர் வைப்பதில்தான் தகராறு. நாங்கள் எழுதுவதை சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் அசெம்பிளர் ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயரை ஏற்காது. நான் சென்னை கோர்ஸில் கற்ற வழக்கப்படி ஆங்கில வார்த்தைகளிலிருந்து உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, டபிள்யூ ஆர் சி டி எல், ஆர் டி எஸ் டி என்று வைத்தேன். ஒரு மாதம் கழித்து எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. அவள் இன்னும் மோசம். எஸ் ஒன்று, எஸ் இரண்டு, எஸ் மூன்று என்று ஜெயில் கைதிகள் மாதிரி நம்பர் போட்டிருந்தாள்.

"எஸ் நாலு இன்னாடி செய்யும்?"

"எஸ் அஞ்சு செய்யறதுக்கு முன்னாடி செய்யவேண்டியத."

அந்த சமயம் பார்த்து முதலாளி மேலே வந்தார். திரையில் ஓடிய எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இது யாருமா ஆர் டி எஸ் டி? சேட்டு கம்பெனியா?" என்று கேட்டார். அவர் இறங்கிப் போகிற வரைக்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"தமிழ்லயே வெச்சிடலாம்" என்றாள் அவள். "குத்துன்னா குத்து. இங்கிலீஷ்ல அடிச்சாலும் அஞ்சு எழுத்துதான்."

எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள் தமிழா என்று. ஆனால் வைக்க வைக்க ருசி ஏறியது. ஓட்டை போட 'குத்து'. மோட்டாருக்கு 'ஓடு'. நிறுத்துவதற்கு 'நிறுத்து' என்றால் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து வந்தது. அசெம்பிளர் கடைசி எழுத்தை விழுங்கியது. அதனால் 'நில்லு'. அட்டைக்கு 'நகர்' என்று வைத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "இது இன்னா, காந்தி நகரா, நேரு நகரா?" என்றாள். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. மாற்றி 'தள்ளு' ஆக்கினோம். ஆறு எழுத்து, அளவெடுத்துத் தைத்தது போல.

எல்லாப் பெயரும் ஒரு வேலையைச் செய்யச் சொல்வதாக இருக்கவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். 'மொத சுவிட்சை ஒண்ணாக்கு' என்று எங்கேயும் எழுதக்கூடாது. 'ஓடு' என்றுதான் எழுதவேண்டும். எந்தப் பலகை, எத்தனையாவது சுவிட்ச் என்பதெல்லாம் அந்தச் சின்ன ரொட்டீனுக்குள் மட்டும் இருந்தால் போதும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சண்டை போட்டு அலுத்துப்போனதில் வந்த சட்டம்தான்.

மெஷின் சொல்வதைப் படிக்கும் ரொட்டீனுக்கு நான் வைத்த பெயர் 'பார்'. அந்தப் பெயர்தான் எங்களை ஆட்டிவைத்தது.

தை மாதத்துக்கு முன்பு முதலாளி ஒரு மயில் பார்டரைக் கொண்டுவந்தார். கல்யாண ஆர்டர். எங்கள் மெஷின் குத்தும் முதல் உண்மையான டிசைன். இரண்டு பேரும் பயபக்தியோடு தகவலை ஏற்றினோம். மெஷின் தடதடவென்று குத்தியது. முன்பக்க விளக்குகளில் அட்டை எண்ணும் மெஷினின் நிலையும் மினுக்கின. விளக்கு காட்டும் பகுதியை அவள் அன்றுதான் சேர்த்திருந்தாள். அவளுக்கு ஒரே பெருமை. அட்டைகளைக் கோத்து, எங்கள் சித்தப்பா தறியிலேயே மாதிரி நெய்யக் கொடுத்தோம்.

மறுநாள் சித்தப்பா ஆள் அனுப்பினார். போனோம். தறியில் சாண் அளவு நெய்திருந்தது. சித்தப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நீயே பாரு" என்றார்.

மயிலின் உடம்பு அழகாக, சரியாக இருந்தது. தோகையில் குறையே இல்லை. கழுத்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பனைமரம் மாதிரி. கால்களும் அதற்கு ஏற்ற மாதிரி நெடுநெடுவென்று நின்றன.

"மயிலுக்கும் ஒட்டகத்துக்கும் கல்யாணம் பண்ணி வெச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை சித்தப்பா அவிழ்த்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தறிகளெல்லாம் நின்று, ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவள் என் காதில், "பஸ் வந்துச்சின்னா ஏறிப் போயிடறேன்டி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நிஜமாகவே போய்விடுவாளோ என்று.

அட்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கழுத்திலும் காலிலும் ஒரே வரி இரண்டு அட்டைகளில் குத்தியிருந்தது. மெஷின் 'முடிந்தது' என்று சொல்லாவிட்டால், அந்த அட்டை கெட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதே வரியை அடுத்த அட்டையில் மறுபடி குத்தும்படி நான் எழுதியிருந்தேன். ஆனால் முதல் அட்டையும் ஒழுங்காகத்தான் குத்தியிருந்தது. ஏன் 'முடிந்தது' என்று எனக்குச் சொல்லவில்லை?

விளக்குப் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினோம். மயில் மயிலாக வந்தது. விளக்கைச் சேர்த்தோம். மறுபடி ஒட்டகம். எடுத்தோம், மயில். சேர்த்தோம், ஒட்டகம்.

"நாம பாத்தா கெட்டுப் போவுது. பாக்கலன்னா நல்லா ஓடுது" என்றாள்.

மாடிப்படியில் வந்துகொண்டிருந்த முதலாளி காதில் அது விழுந்துவிட்டது. "நான் அன்னிக்கே நெனச்சேன். ஊரே கண்ணு வெச்சிகினு கீது" என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போய், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வாங்கிவந்து, மெஷினின் நசுங்கிய தகரத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஓட்டினோம். ஒட்டகம்தான் வந்தது. "பூசணிக்கா வெக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. பார்த்ததுதான் கெடுத்தது. மெஷினைக் கையால் ஒரு குத்து குத்தவைத்துவிட்டு, நிலைப் பலகையைப் படித்தேன். 'முடிந்தது' ஒன்றாக இருந்தது. எதையும் தொடாமல் மறுபடி படித்தேன். சைபர். இரண்டு பேரும் மாறி மாறிச் செய்து பார்த்தோம். முதல் தடவை ஒன்று, இரண்டாம் தடவை சைபர். படித்தால் அழிந்துவிடும்படி அந்தப் பலகையைக் கட்டியிருக்கிறார்கள். யார் முதலில் படிக்கிறார்களோ அவர்களுக்கே செய்தி. அடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

விளக்கில் காட்டுவதற்காக அவள் 'பார்' ரொட்டீனைக் கூப்பிட்டிருந்தாள். ஓட்டை குறைவான வரிகள் சீக்கிரம் குத்தி முடிந்துவிடும். அந்தச் செய்தி அவள் விளக்குக்குப் போய்விட்டது. நான் வந்து பார்க்கும்போது பலகை காலி. கழுத்தும் காலும் ஒல்லி, அதனால் ஓட்டை குறைவு. உடம்பில் ஓட்டை அதிகம், குத்தி முடிக்க நேரம் ஆகும். அந்தச் செய்தி மட்டும் எனக்குத் தப்பாமல் வந்தது.

"நீ பார்னு தானே பேர் வெச்ச?" அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "பாக்கறதுன்னா சும்மா பாக்கறது. கடையில சேலைய பாத்தா சேலை அங்கயே இருக்கும் இல்ல? இது பாக்கறது இல்லடி. எடுத்துகினு போறது."

"அப்ப எடுன்னு வெச்சிடலாம்."

"எடுன்னு பேர் வெச்சிருந்தா, விளக்குக்காக நான் அத கூப்ட்டே இருக்கமாட்டேன்" என்றாள்.

பெயரை 'எடு' என்று மாற்றினோம். மெஷினிடமிருந்து செய்தியை எடுப்பது அந்த ஒரு ரொட்டீன்தான். குத்தும் பகுதி மட்டும்தான் அதைக் கூப்பிடலாம். எடுத்ததின் நகல் ஒன்றை அது மெமரியில் போட்டுவைக்கும். 'பார்' என்று புதிதாக இன்னொன்று எழுதினோம். அது அந்த நகலை மட்டும் பார்க்கும். எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் குறையாது. விளக்கைச் சேர்த்து ஓட்டினோம். எலுமிச்சம்பழம் ஆட, மெஷின் மயிலை மயிலாகவே குத்தித் தள்ளியது. முதலாளி எலுமிச்சம்பழத்துக்குத்தான் நன்றி சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

நெய்த ஒட்டக மயிலை அவர் வீணாக்கவில்லை. அந்தத் துண்டை அறுத்துக் கடையில் ஓர் ஓரமாக மடித்து வைத்திருந்தார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் நிச்சயதார்த்தச் சேலை எடுக்க வந்தபோது, அந்த அம்மாள் அதை இழுத்துப் பிரித்து, "இது இன்னா பறவைங்க, அழகா கீது?" என்றார். முதலாளி கண்ணைச் சிமிட்டாமல், "அன்னம்மா. அன்னப் பறவை. புது டிசைன்" என்றார். அவர்கள் அதில்தான் வேண்டும் என்றார்கள். முதலாளி மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, "அந்த தப்பான புரோகிராம இன்னும் வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். வைத்திருக்கவில்லை. கழுத்தை வேண்டுமென்றே நீட்டி, கிராஃப் தாளில் புதிதாக வரைந்து கொடுக்கவேண்டி வந்தது.

அடுத்த வருஷம் முதலாளியின் மச்சான் காஞ்சிபுரத்தில் அதே மாதிரி மெஷின் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். புரோகிராம் ஏற்றுவதற்காக அது முதலில் எங்கள் மாடிக்கு வந்தது. கூடவே கம்பெனியின் புது இன்ஜினியரும் வந்தார். மைசூர்க்காரர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார், எங்கள் வயதுதான் இருக்கும். ஒரு வாரம் தங்குவதாக லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் சிப்பைப் பொருத்தி சுவிட்சைப் போட்டதும் மோட்டார் தானாக ஓட, அட்டைகள் மெஷினின் வாயிலிருந்து பறந்து ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்தன. அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். கீழே சைக்கிள் கடைக்காரர், "யம்மா, யாருக்கு டிக்கெட் குடுக்கறீங்க?" என்று குரல் கொடுத்தார்.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதில் எல்லாம் மாறி இருக்கு. அங்கே ஒன் போட்டால் மோட்டார் ஓடும். இங்கே ஜீரோ போட்டால் ஓடும். போர்ட் நம்பரும் வேறே. புரோகிராம் முழுக்க மாத்தணும், இல்லையா? ஒரு வாரம் ஆகும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மோட்டார் எந்தப் பலகையில் எந்த சுவிட்ச், ஒன்றா சைபரா என்பது 'ஓடு', 'நில்லு' இரண்டுக்கும் உள்ளேதான் இருந்தது. மயில் குத்தும் பகுதிக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்து, அந்தச் சின்ன ரொட்டீன்களை மட்டும் திருத்தி, சிப்பில் ஏற்றி, பொருத்தினோம். மயில் வந்தது. கழுத்து சரியாக இருக்கிறதா என்று மூன்று பேரும் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

இன்ஜினியர் எங்கள் புரோகிராமை பிரிண்ட் எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நடுவில் நிமிர்ந்து, "ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் குத்துன்னா உட்கார்ந்துன்னு அர்த்தம். மெஷினை ஏன் உட்காரச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவள் கை முஷ்டியை மடக்கி மேஜையில் ஒரு குத்து குத்திக் காட்டினாள். "ஓ" என்றார். பென்சிலால் பக்கத்தில் கன்னடத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். 'எடு'வையும் 'பார்'ஐயும் ஏன் தனித்தனியாக வைத்தோம் என்று கேட்டார். ஒட்டக மயில் கதையைச் சொன்னோம். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கம்பெனிக்கு ஒரு நகல் எடுத்துப் போகலாமா என்றார். பெயர்களை மாற்றக்கூடாது என்று அவள் நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டார்.

அந்த வாரத்தின் பாக்கி நாட்களுக்கு அவருக்கு வேலை இல்லை. லாட்ஜைக் காலி செய்துவிட்டு, போகும் முன் எங்களுக்கு சாப்பாடு வாங்கித் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதலாளியும் வந்தார். பஜார் வீதியில் பாய் கடையில், திரை போட்ட ஃபேமிலி ரூமில் நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் அதுவரை ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் உதறல்; வாசனை வந்ததும் அது அடங்கிவிட்டது. பரிமாறுகிற பையன் தட்டுகளை வைத்துவிட்டு, கத்தரிக்காய்க் கூட்டை யார் பக்கம் வைப்பதென்று தயங்கினான். அவள் தன் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கி, கூட்டுக்கு இடம் காட்டி, "தள்ளு" என்றாள்.

மைசூர்க்காரர் மட்டும் சத்தமாக, "அட்டை நகரும்!" என்றார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் புரையேறியது.